இடது கன்னத்துப் பென்சில்

உபதேசியார் சின்னப்பராஜ் பழுப்பு உறையிலிருந்து எடுத்து நீட்டிய மாப்பிள்ளைப் படத்தில் லாசர் முதலில் அடையாளம் கண்டது மாப்பிள்ளையை அல்ல, அவன் போட்டிருந்த கோட்டை.

அது அவருடைய கோட்டு. மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லாத கோட்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அவர் நடத்திய லூசியா ஸ்டுடியோவின் கதவுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் ஆணியில் தொங்கியது. ஒல்லி, குண்டு என்று பார்க்காமல் எல்லாருக்கும் பொருந்தும். ஏனென்றால் அதன் முதுகுத் தையலைக் கழுத்திலிருந்து இடுப்புவரை லாசர் பிரித்து வைத்திருந்தார். முன்னால் கனவான், பின்னால் பனியன். ராசிபுரத்திலிருந்து மேட்டூர்வரை எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்த ஒரே கோட்டில் அத்தனை கனவான்கள் மாட்டப்பட்டிருந்தார்கள்.

"பேரு கிறிஸ்துராஜுங்க. மேட்டூர்ல ஒரு ரசாயனக் கம்பெனியில, பரிசோதனைக் கூடத்துல வேலை. தாய் தகப்பன் இல்லை. மாமன் வீட்டுல வளந்த பையன். கோயில், பூசை எல்லாம் ஒழுங்கு" என்றார் உபதேசியார். அரிசிப்பாளையத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பாதிக் கல்யாணங்கள் அவர் குடையை இடுக்கிக்கொண்டு நடந்து முடித்தவை. "ஆனா ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல முதல் கல்யாண ஓலை வாசிச்சாத்தான் மூணு ஞாயிறும் வாசிச்சு முடிச்சு விபூதிப் புதனுக்கு முன்னால தாலி கட்டலாம். தவக்காலம் தொடங்கிட்டா அப்புறம் ஈஸ்டர் கழிஞ்சுதான். அதுவரைக்கும் மாமன்காரர் பொறுக்க மாட்டாருங்க. அயோத்தியாப்பட்டணத்துல இன்னொரு பொண்ணைப் பாத்து வச்சிருக்காரு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

அன்று திங்கட்கிழமை சாயங்காலம். 1963ஆம் வருஷம், பிப்ரவரி மாதம் நான்காம் தேதி.

லாசரின் மனைவி தெரசம்மாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மூஞ்சி மொழுமொழுன்னு துடைச்சு வச்ச குத்துவிளக்காட்டம் இருக்குதுங்க. எனக்குச் சம்மதம்" என்றாள்.

அந்த 'மொழுமொழு'வைக் கேட்டதும் லாசர் எட்டி இன்னொரு முறை படத்தைப் பார்த்தார்.

தினமும் பஸ்ஸில் ஓமலூர் போய் டீச்சர் வேலை பார்க்கும் மகள் செல்வமேரி படத்தை வாங்கி, ஒரே ஒரு முறை பார்த்து, திருப்பிக் கொடுத்தாள். "உங்க இஷ்டம்ப்பா. அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று உள்ளே போனாள். அடுப்பில் பால் ஏதும் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

உபதேசியார் போனதும் லாசர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்தார். படத்தின் இடது கன்னத்தில் கண்ணாடியை வைத்தார். வைத்த இடத்திலேயே வைத்திருந்தார்.

படத்தைத் திருத்துகிறவர்களுக்கும் கையெழுத்து உண்டு. சிலர் புள்ளி வைப்பார்கள், சிலர் குறுக்கும் நெடுக்குமாய்க் கோடு இழுப்பார்கள். லாசருடையது சின்னச் சின்ன அரைப்பிறை, எறும்பு நகம் வெட்டிப் போட்டதுபோல. கிறிஸ்துராஜின் இடது கன்னத்திலும் உதட்டோரத்திலும் அந்த அரைப்பிறைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. இவ்வளவு நகம் வெட்ட வேண்டுமென்றால் எறும்பு பெரிய எறும்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவர் தொழில் செய்த கண்ணாடித் தகட்டில் உலகம் நேர்மாறாக இருக்கும். வெள்ளை வேட்டி கறுப்பு, கறுத்த முடி வெள்ளை. தகட்டின்மேல் பென்சிலால் தீட்டினால் அந்த இடம் அச்சில் வெளுத்துப்போகும். ஆகவே பென்சிலால் மறைக்க முடிந்தது கறுப்பாக இருப்பதைத்தான். அந்தக் கன்னத்தில் கறுப்பாக ஏதோ இருந்திருக்கிறது. மச்சமா, வெட்டுக்காயமா, அம்மைத் தழும்பா? லாசர் தன் கையாலேயே அதை அழித்திருக்கிறார். எதை அழித்தார் என்பதுதான் நினைவில்லை.

தகட்டை எடுத்துப் பார்க்கலாம் என்றால் தகடு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டுடியோவை மூடியபோது, இருந்த தகடுகளையெல்லாம் சோடா போட்ட வெந்நீரில் கழுவி, சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக்குக் கொடுத்துவிட்டார். சேலத்துச் சனங்களின் முகங்கள் இருந்த கண்ணாடிக்குப் பின்னால் இப்போது அந்தோணியாரும் முருகனும் பத்திரமாக இருக்கிறார்கள்.

மனைவியிடம் சொல்லிவிடலாம். ஆனால் அங்கேதான் குஞ்சம்மாள் குறுக்கே நின்றாள்.

அது ஐம்பத்திரண்டில் நடந்தது. ஒரு மாப்பிள்ளைப் பையனுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. லாசர் மூன்று மாலை நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பென்சிலால் நிரவி, அவனைப் பன்னீரில் குளித்தவனாக்கி அனுப்பினார். கல்யாணமும் நடந்தது. நடந்த மறுவாரம் பெண்ணின் தாய் குஞ்சம்மாள் ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஸ்டுடியோ வாசலில் நின்று, மிக மரியாதையாகக் கேட்டாள்.

"ஏனுங்க, எங்க மாப்பிள்ளை மூஞ்சியில இருந்த குழியையெல்லாம் எடுத்து நீங்க எங்க வச்சிருக்கீங்க? இங்கயே மறந்து வச்சுட்டு வந்துட்டாராட்ட இருக்குது. குடுத்தீங்கன்னா கையோட வாங்கிட்டுப் போயிருவேன்."

கடைவீதியே சிரித்தது. தெரசம்மாள்தான் அவளை உள்ளே அழைத்து மோர் கொடுத்துச் சமாதானம் செய்தாள். அன்று மாலை கணவரிடம் ஒரே வாக்கியம் சொன்னாள். "நம்ம ஊட்டுக்கும் ஒரு நாளைக்கு இப்படி மொழுமொழுன்னு ஒருத்தன் வருவான், அன்னைக்குப் பாத்துக்கலாம்." பதினோரு வருஷம் கழித்து அவன் வந்துவிட்டான். அவளே மொழுமொழு என்றும் சொல்லிவிட்டாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் லாசர் நினைவைத் தோண்டினார். வேண்டாதவையெல்லாம் வந்தன. புதுமணத் தம்பதி வந்தால் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விடுவார்கள். அதைக் குறைக்க அவர் மாப்பிள்ளையின் காதருகே, "வெளியில உங்க மாமியார் வந்திருக்காங்க போலிருக்குதுங்க" என்பார். அவன் பதறி ஒட்டிக்கொள்வான். படத்துக்கு உட்காருகிற முக்காலியின் முன்கால் ஒன்றை விரல் அகலம் குறைத்து வைத்திருந்தார். சரிந்து விழாமலிருக்கும் கவனத்தில் முகத்தில் தானாக ஒரு கம்பீரம் வரும். வெற்றிலைக் காம்பு, பீடித் துண்டு, வாயில் இருந்த வேப்பங்குச்சி எல்லாவற்றையும் வாங்கி வைக்க ஒரு பித்தளைத் தட்டு. பின்னால் தொங்கிய திரையில் மேட்டூர் அணை. வரைந்த ஓவியனுக்கு உற்சாகம் மிகுந்து, நிஜ அணைக்கு இருப்பதைவிட அதிகமாக மதகுகளைத் திறந்துவிட்டிருந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. அவருடைய ஸ்டுடியோவில் சிரிக்கக் கூடாது. தகடு மெதுவானது, சிரித்தால் முகம் கலங்கும். கலங்காவிட்டாலும், சிரித்த படத்தைப் பார்க்கிறவன் எல்லாம் 'யாரைப் பார்த்து இளிக்கிறான்' என்று கேட்பான். ஆனால் இந்தப் படத்தில் வாய் இறுக்கமாக இருந்தது, கண்ணோ இறுக்கமாக இல்லை. பார்வையும் காமிராவை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஓரமாய்ப் போயிருந்தது. 'கண்ணுல ஒரு திருட்டுத்தனம் இருக்கு' என்று லாசர் முடிவு கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, "ஒரு பழைய சிநேகிதனைப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பி மேட்டூர் பஸ் ஏறினார்.

கம்பெனி வாசலில் சங்கு ஊதும்வரை காத்திருந்தார். சைக்கிள்கள் கூட்டமாக வெளியே வந்தன. காவல்காரன் கை காட்டிய ஆளை லாசர் உற்றுப் பார்த்தார். கிறிஸ்துராஜ் மூக்குக்குக் கீழிருந்து முகவாய்வரை ஒரு பச்சை மப்ளரைச் சுற்றியிருந்தான். அதுவும் இடது கன்னத்தில் இரண்டு சுற்று அதிகம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"தம்பி, அணைப் பூங்காவுக்கு எப்படிப் போகணுங்க?" என்று லாசர் எதிரே போய் நின்றார்.

மப்ளருக்கு மேலிருந்த கண்கள் அகல விரிந்தன. பையன் சட்டென்று சைக்கிளை விட்டு இறங்கினான். ஏறக்குறைய கும்பிட்டான். பிறகு கையை நீட்டி வழியைக் காட்டினான்.

"என்னங்க, பல்வலியா?"

"ம்ம்."

"கொஞ்சம் அவுத்துக் காட்டுங்க, எனக்கு ஒரு கைவைத்தியம் தெரியும்."

"ம்ஹூம்" என்று அவன் இரண்டு அடி பின்னால் போனான். சைக்கிளில் ஏறி, ஒருமுறை திரும்பிப் பார்த்து, வேகமாக மிதித்துப் போய்விட்டான்.

வழி கேட்ட கிழவனுக்கு எதற்கு இத்தனை மரியாதை? மனத்தில் குற்றம் இருக்கிறவன்தான் இப்படிப் பணிவான். திரும்பி வரும் வழி முழுக்க லாசர் அந்த மப்ளருக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மேட்டூரைத் தாண்டும்போது அது வெட்டுக்காயமாக இருந்தது. ஓமலூரில் அது தோல் வியாதி ஆகிவிட்டது. சேலம் வந்து இறங்கும்போது பையனுக்கு இடது கன்னமே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், "அந்த இடம் வேண்டாம்" என்றார்.

தெரசம்மாள் ரசக் கரண்டியைத் தட்டிலேயே வைத்தாள். "ஏன்?"

"சரியா வராது."

"அதான் ஏன்னு கேக்கறேன். உத்தியோகம் சரியில்லையா, குடும்பம் சரியில்லையா, மூஞ்சி சரியில்லையா?"

"மூஞ்சியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை" என்று லாசர் அவசரமாகச் சொன்னார்.

"உங்களுக்கு மகளைக் கட்டிக் குடுக்க மனசு வரலை. அதுதான் விஷயம். நேத்து எந்தச் சிநேகிதனைப் பாத்தீங்களோ, அவன் எதையோ ஓதி அனுப்பியிருக்கான். மேட்டூர்ல உங்களுக்கு எனக்குத் தெரியாம எந்தச் சிநேகிதன்?"

"மேட்டூருன்னு யார் சொன்னா?"

"பஸ் சீட்டு சட்டைப் பையில இருக்குது. துவைக்கறவ நான்தானே."

லாசர் ரசத்தைக் குடித்தார். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்த செல்வமேரியும் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. அதை அவர் பார்த்தார். பார்ப்பது அவர் தொழில்.

மனசு சரியில்லையென்றால் லாசர் காமிராவைத் துடைப்பார். பின்கட்டில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த லென்சை மான்தோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். செல்வமேரி காப்பி டம்ளரோடு வந்து நின்றாள்.

"அப்பா, உபதேசியார் அஞ்சு மணிக்கு வாராராம். ஏன் வேண்டாம்னீங்க? அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம். என்கிட்டச் சொல்லுங்க."

லாசர் மகளை நிமிர்ந்து பார்த்தார். இவளிடமும் மறைத்தால், குஞ்சம்மாளிடம் பட்டது போதாது என்று ஆகிவிடும். "உட்காரு சாமி" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். கோட்டு, அரைப்பிறை, மப்ளர். "அந்தக் கன்னத்துல இருந்த எதையோ நானே அழிச்சிருக்கேன். என்னன்னு தெரியலை. தெரியாம உன்னைக் கட்டிக் குடுத்துட்டு, நாளைக்கு நீ வந்து என் முன்னால நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

செல்வமேரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து லாசர் லென்சைக் கீழே வைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"குழிப்பா."

"பாத்தியா, அம்மைக் குழி. நான் நினைச்சேன்."

"அம்மையும் இல்லை, ஒண்ணும் இல்லை. சிரிச்சா கன்னத்துல விழுமே, அந்தக் குழி. நீங்க அவரோட சிரிப்பைத்தான் அழிச்சிருக்கீங்க."

"என் ஸ்டுடியோவுல எவன் சிரிச்சான்?"

"நான்தான் சிரிக்க வச்சேன்." அவள் தாவணிக் காலத்துக் குரலில் சொன்னாள். "எனக்குப் பதினாலு வயசு. நீங்க கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டீங்கன்னா உங்களுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. நான் வந்து நின்னு, ரெண்டு காதையும் இழுத்துக்கிட்டு, கண்ணை மூக்குக்குக் கொண்டு வந்து, 'அசையாதீங்க, அசைஞ்சா நான் பொறுப்பில்லை'ன்னு உங்களை மாதிரியே வாயசைப்பேன். மத்தவங்க திடுக்கிட்டு ஆடிருவாங்க, அவர் மட்டும் சிரிச்சுட்டார். அன்னைக்கு நல்ல மழை. கடைசித் தகடு. அவருக்கு ரயிலுக்கு நேரமாச்சு. வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டிய படம். 'இளிச்சுக் கெடுத்துட்டான் பாவி'ன்னு நீங்க சாப்பிடும்போதுகூடத் திட்டினீங்க."

லாசருக்கு மழைச் சத்தம் கேட்டது. நனைந்த தலையோடு அந்தக் கோட்டுக்குள் புகுந்த ஒல்லிப் பையன். குழியை நிரவி, உதட்டோரத்தை இழுத்து நேராக்கிய பென்சில். எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. பார்வை ஓரமாய்ப் போனது ஏன் என்றும் தெரிந்தது. காமிராவுக்குப் பக்கத்தில் இரண்டு காதுகளை இழுத்துக்கொண்டு ஒருத்தி நின்றிருக்கிறாள்.

"இப்படி எத்தனை பேருக்கு வாயசைச்சே?"

"கணக்கு இல்லைப்பா."

'ஆடித்தொலைக்கறாங்களே' என்று மூன்று வருஷம் சேலத்துச் சனங்களை அவர் வைத வசவெல்லாம் வீண். ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். இனிப்பாக இருந்தது.

"ஏழு வருஷமாச்சு. நல்லா ஞாபகம் வச்சிருக்கே."

"மறக்கற மாதிரியாப்பா இருக்குது? இப்பத்தான் மீசை வச்சதுல கொஞ்சம் ஆழம் குறைஞ்சாப்பல தெரியுது."

லாசர் டம்ளரைக் கல்மேல் வைத்தார். தகட்டுக்கு வெளிச்சம் காட்டும்போது எண்ணுவது போல மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். படத்தில் மீசை இல்லை. மேட்டூரில் அவர் பார்த்தது மப்ளர்.

"மீசையா?" என்றார் மெதுவாக.

செல்வமேரி டம்ளருக்குள் இருந்த காப்பி நுரையைப் பார்த்தாள்.

"மேட்டூர் பஸ்ஸா?"

"ஓமலூர்லேருந்து சேலம் வரைக்கும்தான்ப்பா."

"எத்தனை நாளா?"

"சனிக்கிழமை மட்டும்."

"எத்தனை சனிக்கிழமைன்னு கேட்டேன்."

"ஒண்ணரை வருஷத்துச் சனிக்கிழமை." அவள் தலையைத் தூக்கவில்லை. "முதல் நாள் அவர்தான் என்னைப் பாத்துட்டு, ரெண்டு காதையும் இழுத்துக் காட்டினார். பஸ்ஸுல அத்தனை பேர் இருக்கறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"பேசுவீங்களா?"

"அவர் பேசுவார். நான் சிரிக்காம இருப்பேன்."

"முடியுதா?"

"முடியலை."

லாசர் லென்சை எடுத்து இன்னொரு முறை துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. "அப்போ உபதேசியார் தானா வரலை."

"நாங்கதான் அனுப்பினோம்ப்பா. நேத்து நீங்க கம்பெனி வாசல்ல போய் நின்னதுல அவர் ராத்திரியெல்லாம் தூங்கலையாம். கடைவாய்ப் பல் நிஜமாவே வீங்கியிருந்ததுப்பா. இன்னைக்குக் காலையில பிடுங்கிட்டார்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் படத்தை அனுப்பச் சொன்னதும் நான்தான். புதுசா நல்ல படம் ஒண்ணு இருக்குது. ஆனா நீங்க எடுத்த படம்னா உங்களுக்கு உடனே பிடிச்சுப்போகும்னு நினைச்சேன்."

லாசர் மகளைப் பார்த்தபடி இருந்தார். இருபத்தொரு வருஷம் இந்த வீட்டில் வளர்ந்தவள். ஊரில் யார் எடுத்த படத்தைக் காட்டினாலும் அவர் நம்பியிருப்பார். தான் எடுத்ததை மட்டும் நம்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்றே. அவருக்குச் சிரிப்பு வந்தது. சட்டம் தன்னுடையது என்பதால் அடக்கிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு உபதேசியாரின் குடை வாசலில் தெரிந்தபோது, "நாளைக்கு முதல் ஓலை வாசிச்சுருங்க" என்று லாசர் முந்திக்கொண்டார்.

தெரசம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "மத்தியானம் சரியா வராதுன்னீங்களே?"

"இப்போ வருது."

"மேட்டூர் போய் என்னதான் பாத்தீங்க?"

"மப்ளர் நல்லாருந்தது" என்றார். "ஆனா ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்குப் படம் நான்தான் எடுப்பேன். பென்சிலைத் தொட மாட்டேன்."

கடைசி வாக்கியத்துக்காகத் தெரசம்மாள் மற்றதையெல்லாம் மன்னித்தாள்.

விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை காலையில் தாலி கட்டி முடிந்தது. கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டு, லாசர் முக்காலிமேல் காமிராவை நிறுத்தினார். பல் பிடுங்கிய கன்னம் வடிந்திருந்தது. மாப்பிள்ளையின் கோட்டுக்கு முதுகும் இருந்தது. மணப்பெண் தலைகுனிந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் சொந்தக்காரர்கள் பிரசங்கம் கேட்கிற முகங்களோடு நின்றார்கள்.

லாசர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். கண்ணாடியில் எல்லாரும் தலைகீழாகத் தொங்கினார்கள். தலைகீழாகப் பார்த்தாலும் மாப்பிள்ளையின் முகம் இறுகித்தான் இருந்தது. மேட்டூரில் வழி கேட்ட மாமனார் முன்னால் அவனுக்கு எப்படி இறுகாமல் இருக்கும்? லாசர் வெளியே வந்தார். தகட்டைச் செருகினார். அழுத்தினால் படம் பிடிக்கிற ரப்பர் குமிழைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் துணிக்குள் போய், அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"மேரி, எழுந்து என் பின்னால வா."

கூட்டத்தில் சலசலப்பு. "என்னங்க இது, தாலி ஏறின பொண்ணை எழுப்பறாரு" என்றார் மாப்பிள்ளையின் மாமா. "அந்த ஆளுக்கு வயசாயிப் போச்சுங்க" என்று தெரசம்மாள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

பட்டுப்புடவை சரசரக்கக் காலடி நெருங்கி வந்து, அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றது.

"தலை உள்ள இருக்கறப்போ பின்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது" என்றார் லாசர் துணிக்குள்ளிருந்து.

வளையல்கள் மேலே ஏறும் சத்தம் கேட்டது, காதுவரைக்கும். மாமாவின் வாய் பிளந்தது. உபதேசியார் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்துக் கிளம்பியது.

லாசர் குமிழை அழுத்தினார்.

அந்தப் படம் அரிசிப்பாளையத்து வீட்டுக் கூடத்தில் ரொம்ப நாள் மாட்டியிருந்தது. பக்கத்தில் காலி நாற்காலி, பின்னால் திகைத்துப்போன ஒரு கூட்டம். நடுவில் மாப்பிள்ளை மட்டும் பல் போன ஓட்டை தெரியச் சிரிக்கிறான். இடது கன்னத்தில் குழி, ஒரு புளியங்கொட்டை வைக்கிற அளவுக்கு. வந்தவர்கள் எல்லாரும் தெரசம்மாளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"கல்யாணப் படம்னு சொல்றீங்க, பொண்ணு எங்கங்க?"

"மாப்பிள்ளை கண்ணைப் பாருங்க" என்பாள் தெரசம்மாள். "அங்கதான் நிக்கறா."